பத்துப் பேருக்குக் குறைந்தால் எட்டு மணி நேரம் இல்லை

ஆலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிவிடும் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் கடுமையாக எதிர்க்கவே, அது திரும்பப் பெறப்படுவதாக மே தினத்தன்று முதல்வர் அறிவித்தார். ஆனால் சேலம் அம்மாபேட்டையிலிருந்து பள்ளிபாளையம், குமாரபாளையம் வரை நீளும் விசைத்தறி வட்டாரத்தில் 12 மணி நேர ஷிஃப்ட் எந்த மசோதாவுக்கும் காத்திருந்ததில்லை. பகலுக்கு ஒரு செட் ஆள், இரவுக்கு ஒரு செட் ஆள். நாடாவில் தார் (ஊடை நூல் சுற்றிய குச்சி) தீரத் தீர மாற்ற வேண்டும், அறுந்த பாவு இழையை முடிய வேண்டும். நாலு தறியை ஒருவரே பார்க்கும்போது உட்காரக்கூட நேரமிருக்காது.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தெளிவாகவே எழுதப்பட்டது. நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி; தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் போகாமல் அரை மணி ஓய்வு; மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. சிக்கல் தலைக்கணக்கில் இருக்கிறது. மின்சாரத்தில் இயங்கும் கூடத்தில் 10 பேர் இருந்தால்தான் அதன்படி அது தொழிற்சாலையாக இருந்தது. எல்லா ஷிஃப்ட் ஆட்களையும் சேர்த்து எண்ணச் சொன்னது அந்தச் சட்டம். 16 தறிகள், ஆளுக்கு 4 தறி என்று கொள்வோம். எட்டு மணி நேரமாக மூன்று ஷிஃப்ட் ஓட்டினால் 12 பேர். சட்டம் உள்ளே வரும். பன்னிரண்டு மணி நேரமாக இரண்டு ஷிஃப்ட் ஓட்டினால் 8 பேர். சட்டம் வாசலோடு நின்றுவிடும். அதாவது, நீண்ட ஷிஃப்ட்டே சட்டத்திலிருந்து தப்பும் வழியாகிறது. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் நாளுக்கு 8 மணி என்கிறது. அதன் வேலைநேர வரம்பும் 10 பேர் உள்ள இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. தொழிற்சாலை என்பதற்கான எண்ணிக்கையோ 20 ஆக உயர்ந்துவிட்டது.

தொழிலாளர்களே 12 மணி நேரம் கேட்கிறார்கள் என்பார்கள். உண்மைதான். மீட்டருக்கு இவ்வளவு என்ற கூலியில் எட்டு மணி நேர நெசவு குடும்பத்துக்குப் போதாது. முதலாளியிடம் முன்பணமாக வாங்கிய ‘பாக்கி’ தலைக்கு மேல் இருக்கும்போது நேரத்தைக் குறைக்கச் சொல்ல வாய் வராது. இதை விருப்பம் என்று எப்படிச் சொல்வது? இத்தனைக்கும், மீட்டர் கூலிக்காரருக்கும் மிகைநேரக் கூலி உண்டு, முந்தைய மாதச் சராசரி வருமானத்தை வைத்து அதைக் கணக்கிட வேண்டும் எனத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆவது பிரிவு வகுத்திருந்தது.

தறிக்கூட உரிமையாளர் பலர் நூல் தரும் வியாபாரிக்குக் கூலிக்கு நெய்பவர்கள், அவர்களால் தாங்க முடியாது என்ற வாதம் இன்னும் வலுவானது. அதனால்தான் சுமையை நூல் தருபவரிடமும் சேர்க்க வேண்டும்: அவர் தரும் நெசவுக் கூலியை எட்டு மணி நேர உற்பத்தியை அடிப்படையாக வைத்து அரசு நிர்ணயிக்கட்டும். ஆள் எண்ணிக்கை குறைந்த இடங்களுக்கும் சட்டத்தை நீட்டிக்கும் அதிகாரத்தை 1948 சட்டத்தின் 85ஆவது பிரிவு மாநில அரசுக்குத் தந்திருந்தது. சொந்தக் குடும்பத்தாரை மட்டும் வைத்து நெய்யும் வீடுகளை அதே பிரிவு விலக்கியும் வைத்தது. புதிய தொகுப்பின் கீழும் விசைத்தறிக்கு அந்த ஏற்பாடே வேண்டும்.