ஃபார்மேட்டில் தீராத கோளாறு

வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை உறைகிறது. கோடு கோடாக வண்ணங்கள் சிதறுகின்றன. நீலத்திரை வந்து, கணினி தானாக அணைந்து எழுகிறது. பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனால் பல இடங்களில் கிடைக்கும் முதல் பதில், ‘ஃபார்மேட் பண்ணிடலாம்’ என்பதுதான். கிராஃபிக்ஸ் கோளாறால் முடங்கும் கணினிக்கு அது கடைசி வைத்தியமாக இருக்கலாம். முதல் வைத்தியமாக இருக்கவே கூடாது. காரணம் தெரியாமல் அழிப்பது, திருட்டு நடந்த வீட்டைக் கைரேகை எடுக்கும் முன் கழுவிவிடுவதற்குச் சமம்.

கணினி பெரும்பாலும் தடயம் வைத்துவிட்டுத்தான் விழுகிறது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே அதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. கிராஃபிக்ஸ் சிப்புக்குக் கொடுத்த வேலை 2 விநாடிக்கு மேல் சிக்கிக்கொண்டால், இயங்குதளம் அந்த டிரைவரை மட்டும் நிறுத்தி மறுபடி தொடங்கிப் பார்க்கும். திரை ஒரு கணம் கறுத்துத் திரும்புவது அதனால்தான். அந்த முயற்சி தோற்றாலோ, ஒரு நிமிடத்துக்குள் இதே கதை திரும்பத் திரும்ப நடந்தாலோ நீலத்திரை வரும். ‘வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்’ என்று அதிலேயே எழுதியிருக்கும். டிரைவர் நின்று மீண்டிருந்தால், ஈவன்ட் வியூவரில் 4101 என்ற எண்ணில் பதிவு இருக்கும். நீலத்திரைகூட வராமல் சட்டென்று அணைந்து எழுந்து, 41 என்ற எண் மட்டும் பதிவாகியிருந்தால், பவர் சப்ளையையும் சூட்டையும் சந்தேகிக்க வேண்டும். சி டிரைவை ஃபார்மேட் செய்தால் இந்தப் பதிவுகள் அத்தனையும் போய்விடும்.

அறிகுறிகளும் வழிகாட்டும். விண்டோஸ் தொடங்கும் முன்பே, பயாஸ் திரையிலேயே கோடுகள் தெரிந்தால் விண்டோஸைக் குறை சொல்லிப் பயனில்லை. கேபிள், மானிட்டர், கிராஃபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். கனமான விளையாட்டின்போது மட்டும் விழுந்தால், தூசி அடைத்த ஃபேன், காய்ந்த தெர்மல் பேஸ்ட், திறன் போதாத பவர் சப்ளை ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கிய தொல்லையென்றால், டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவருக்குத் திரும்பிப் பார்க்கலாம். சேஃப் மோடில் கணினி ஒழுங்காக இருந்தால் டிரைவர்மீது சந்தேகம் வலுக்கும். ஆனால் அங்கே கார்டுக்குப் பெரிய வேலை இல்லை. அதை வைத்து மட்டும் கார்டு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

ஒரே கணினியோடு அரை நாள் உட்கார முடியாது, ஃபார்மேட் செய்ததும் பல கணினிகள் சரியாகின்றன என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். சரியாவது உண்மைதான். ஆனால் புதிதாக ஏற்றிய விண்டோஸ், இணையம் கிடைத்ததும் டிரைவரைத் தானே இறக்கிக்கொள்கிறது. கோளாறான டிரைவரே மறுபடி வந்து சேரலாம். கார்டே பழுதாகியிருந்தால் அதே நீலத்திரை திரும்பி வரும். வாடிக்கையாளர் இரண்டாம் முறை காசு கொடுப்பார்.

காசைவிடப் பெரிய இழப்பு கோப்புகள். கிராஃபிக்ஸ் கோளாறு, சேமித்து வைத்த கோப்புகளைப் பொதுவாகத் தொடுவதில்லை. அவற்றை அழிப்பது அதற்குச் செய்யப்படும் வைத்தியம். குழந்தையின் படங்கள், கடைக் கணக்கு, ஆய்வேடு என்று எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில் வைத்திருப்பவர்கள் ஏராளம். அந்த டெஸ்க்டாப் வழக்கமாக இருப்பது சி டிரைவில். பழைய ஹார்டு டிஸ்க்கில் அவசர ஃபார்மேட்டுக்குப் பிறகும் கோப்புகளை மீட்க ஓரளவு வாய்ப்பு இருந்தது. இன்றைய எஸ்எஸ்டியில், காலியான இடத்தை ‘ட்ரிம்’ என்ற ஏற்பாடு துடைத்துவிடுவதால் அந்த வாய்ப்பு அநேகமாக இல்லை. எனவே கணினியைக் கொடுக்கும்போதே இரண்டைக் கேட்டு வாங்குங்கள்: கோளாறுக்குக் காரணம் இன்னது என்று ரசீதில் ஒரு வரி, கோப்புகளுக்கு வேறொரு டிஸ்க்கில் நகல். இரண்டும் கைக்கு வராமல் ஃபார்மேட்டுக்குச் சம்மதிக்காதீர்கள்.