டவுன் பஸ் ஏறினா சமணர்மலை: ஞாயிற்றுக்கிழமைக்கு மூணு நடை

ஹாஸ்டல் ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகும்னு சொல்லத் தேவையில்லை. பத்து மணிக்கு எழுந்தா டிபன் முடிஞ்சிருக்கும். மெஸ் சிக்கனைச் சாப்பிட்டுட்டுத் தூங்கினா சாயங்காலம் ஆறு. அப்பதான் "நாளைக்கு ரெக்கார்டு சப்மிஷன்" என்று ஞாபகம் வரும். நடுவுல யாராவது ஒருத்தன் குரூப்ல "ட்ரெக்கிங் போலாமா மச்சி?"னு போடுவான். மூணாறு, கொடைக்கானல், குரங்கணி என்று பேச்சு ஓடும். வண்டி வாடகை, ரூம் வாடகை கணக்குப் போட்டதும் குரூப் அமைதியாயிடும். அதுவும் போக, காட்டுக்குள் போகிற ட்ரெக்குக்கு வனத்துறை அனுமதி கட்டாயம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்துவிட்டு யாரும் சும்மா கிளம்பக் கூடாது.

ஆனால் மதுரையில் படிக்கிற நமக்கு, டவுன் பஸ் டிக்கெட் காசிலேயே போய் ஏறக்கூடிய மலைகள் இருக்கு. காலையில் கிளம்பினா மெஸ்ல மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிடலாம். அப்படி நான் போய்வந்த மூணு நடைகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எப்படிப் போறது?

மையம் கீழக்குயில்குடி என்கிற கிராமம். மதுரைக்கு மேற்கே, பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள். பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து டவுன் பஸ் இருக்கு. அடிக்கடி கிடையாது, அதனால் நேரத்தை முதல் நாளே விசாரிச்சு வச்சுக்கோங்க. பஸ்ஸை விட்டுட்டா கவலை வேண்டாம். தேனி, உசிலம்பட்டி, செக்கானூரணி என்று எந்த போர்டு போட்ட பஸ்ஸாக இருந்தாலும், நிற்குமான்னு கேட்டுட்டு ஏறி, நாகமலை புதுக்கோட்டையில் இறங்கினா அங்கிருந்து மூணு கிலோமீட்டர் சொச்சம். ஷேர் ஆட்டோ கிடைச்சா ஏறலாம், இல்லேன்னா அதையே வார்ம்-அப்னு வச்சுக்கலாம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. அதனால் எங்க கிளாஸ் பெண்களுக்கு இந்த ட்ரெக்கின் மொத்தச் செலவு ஒரு டீயும் வடையும்.

நடை 1: பேச்சிப்பள்ளம்

ஊருக்குள் நுழைந்ததும் ஒரு தாமரைக்குளம், பெரிய ஆலமரம், அய்யனார் கோயில். கோயிலுக்குப் பின்னால் மலை ஆரம்பிக்குது. பாறையில் வெட்டிய படிகளில் மெதுவா ஏறினாலும் அரை மணி நேரத்துக்குள் பேச்சிப்பள்ளம் வந்துடும். ஒரு சுனை, அதன் மேலே பாறையில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள். பாம்பு படம் விரித்து நிற்பவர் பார்சுவநாதர். இவை கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கீழே வட்டெழுத்தில் செதுக்கியிருப்பது, அந்தச் சிற்பத்தை யார் செய்யக் கொடுத்தார்கள் என்ற விவரம். அச்சணந்தி என்ற சமண முனிவரின் அம்மா குணமதியார் பெயர் அதில் ஒன்று.

இன்னும் மேலே ஏறினால் இடிந்துபோன ஒரு சமணப் பள்ளியின் அடித்தளம், அதற்கும் மேலே உச்சிப் பக்கம் கன்னடக் கல்வெட்டும் விளக்குத்தூணும். அங்கே நின்று பார்த்தா நாகமலை ஏன் நாகமலை என்று விளங்கும். நீளமா ஒரு பாம்பு படுத்துக் கிடக்கிற மாதிரியே இருக்கும்.

நடை 2: செட்டிப்பொடவு

அதே மலையின் தென்மேற்குப் பக்கம். உச்சி ஏற முடியாதவர்கள் அடிவாரத்தையே சுற்றி நடந்து இங்கே வரலாம். 'பொடவு' என்றால் குகை. வாசலிலேயே பெரிய தீர்த்தங்கரர் சிற்பம் உட்கார்ந்திருக்கும். ஊர்க்காரங்க இவரைத்தான் செட்டியார் என்று சொல்றாங்க, அதனால் செட்டிப்பொடவு. குனிந்து உள்ளே போனால் கூரையின் வளைவில் இன்னும் ஐந்து சிற்பங்கள். அதில் ஒன்று, சிங்கத்தின் மேல் ஏறி, யானைமேல் வரும் எதிரியோடு சண்டை போடும் இயக்கி. போர்க்களம் மொத்தமும் ஒரு சின்ன இடத்துக்குள். மொபைல் டார்ச்சை நேராக அடிக்காம பக்கவாட்டில் பிடிச்சுப் பாருங்க, செதுக்கிய ஆழம் தெரியும்.

நடை 3: கொங்கர் புளியங்குளம்

இது தேனி ரோட்டிலேயே, செக்கானூரணிக்கு முன்னாடி. ஏற்றம் குறைவு. ஆனா நம்ம டிபார்ட்மெண்ட் ஆட்களுக்கு (நான் சிவில்) பிடித்த இடம் இதுதான். குகைக்குள் வரிசையாகப் படுக்கைகள் வெட்டியிருக்காங்க. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி சமணத் துறவிகள் தங்கிய இடம்.

குகை வாசலின் நெற்றியைப் பாருங்க. பாறையில் நீளமா ஒரு விளிம்பு வெட்டியிருக்கும். இதைக் காடி என்பார்கள். மழைத்தண்ணீர் பாறைச் சரிவில் ஓடிவரும்போது நேராகக் கீழே விழாது. பாறையில் ஒட்டிக்கிட்டே அடிப்பக்கமா ஊர்ந்து குகைக்குள் வந்துடும். நடுவில் கூர்மையா ஒரு விளிம்பை வெட்டிவிட்டா அதுக்கு மேல் ஒட்ட முடியாமல் சொட்டு சொட்டா வெளியே விழுந்துடும். வீட்டு சன்ஷேடின் அடியில் ஒரு பள்ளம் விடுறோமே டிரிப் மோல்டு, அதே வேலை. செகண்ட் இயர்ல ரெண்டு மார்க்குக்குப் படிச்சதை, உளி மட்டும் வச்சிருந்தவங்க மலையில் வெட்டி வச்சிருக்காங்க. இன்னைக்கும் வேலை செய்யுது.

அந்த நெற்றியிலேயே தமிழி எழுத்தில் கல்வெட்டுகள். ஒன்று, குகைக்கு முன்னால் கூரை வேய்ந்து கொடுத்தவரின் பெயரைச் சொல்வதாகப் படிக்கிறார்கள். அந்தக் கூரை எப்போதோ மக்கிப் போச்சு. போட்டுக் கொடுத்தவர் பெயர் இருக்கு.

இப்ப ஒரு சங்கடமான விஷயம்

முதல் தடவை போனப்போ, ஒரு படுக்கைக்குப் பக்கத்தில் வேறொரு எழுத்தும் பார்த்தேன். ஆணியால் கீறியிருந்தாங்க. ஒரு பையன் பெயர், ஒரு பெண் பெயர், நடுவில் ஹார்ட்டின். அதுக்குக் கீழே ஒரு டிபார்ட்மெண்ட் பெயரும் பேட்ச் வருஷமும். நம்ம காலேஜ்தான். யாரென்று எனக்குத் தெரியாது, தெரிஞ்சும் பயனில்லை. பெயிண்டை ஒருவேளை எடுக்கலாம், கீறினதை எடுக்க முடியாது. அழிக்கணும்னா பாறையையே தேய்க்கணும். எங்க கூட வந்த ஊர்த் தாத்தா ஒருத்தர் அதைக் காட்டி, "படிச்ச புள்ளைகதான் தம்பி எழுதுதுக. நாங்க எழுதுறதில்ல" என்றார். எனக்குப் பதில் வரலை.

இந்த மலைகள் நமக்காகத் தானா நிற்கலை. சமணர்மலையைக் கல்குவாரிக்காக உடைக்க ஆரம்பித்தபோது எதிர்த்து நின்றவர்கள் கீழக்குயில்குடி மக்கள். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 2010இல் 'பசுமை நடை'யைத் தொடங்கினார். ஊரைக் கூட்டிக்கொண்டுபோய், மலையைக் காட்டி, கல்வெட்டைப் படிச்சுச் சொல்றதுதான் அவங்க வேலை. யாரும் வந்து பார்க்காத மலை, வெறும் ஜல்லியாகத்தான் தெரியும் என்பது அவங்களுக்குப் புரிஞ்சிருக்கு.

மேலூர் பக்கம் அரிட்டாபட்டியையும் நினைச்சுப் பாருங்க. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். அங்கேயும் தமிழிக் கல்வெட்டு, குடைவரைக் கோயில், லகார் வல்லூறு எல்லாம் உண்டு. 2024இல் அந்தப் பகுதி டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்குள் வந்தது. சுற்றியுள்ள ஊர்மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரைக்குத் திரண்டு வந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. பக்கத்திலேயே படிக்கிற நம்மில் எத்தனை பேர் அதுக்கு முன்னாடி அந்த ஊர்ப் பெயரைக் கேட்டிருந்தோம்? நான் கேட்டதில்லை.

போறதுக்கு முன்னாடி

- நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல சமயம். காலை ஆறரைக்கு ஏறி ஒன்பதரைக்குள் இறங்கிடுங்க. வெயில் ஏறினா மொட்டைப் பாறை தோசைக்கல்தான்.
- மழை பெய்த உடனே ஏற வேண்டாம், வழுக்கும்.
- ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். பாட்டில் திரும்பி வரணும்.
- பிடிமானமுள்ள ஷூ. ஆனா கோயில் பக்கமும் சிற்பங்கள் பக்கமும் கழற்றிடுங்க, ஊர்க்காரங்க கும்பிடுற இடம்.
- சுனையில் சோப்பு, ஷாம்பு எதுவும் வேண்டாம்.
- பாறையில் தேன்கூடு பார்த்தா சத்தமில்லாம விலகிடுங்க.
- திரும்புற பஸ் எத்தனை மணிக்குன்னு இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கோங்க.
- வழி தெரியலைன்னா மேப்பை விட ஆடு மேய்க்கிறவங்களை நம்புங்க.

அடுத்த செமஸ்டர் ஆரம்பிச்சதும் ஜூனியர்களைக் கூட்டிக்கிட்டு முதல் நடை போகலாம்னு இருக்கோம். சாக்பீஸ், மார்க்கர், ஆணி எதுவும் கொண்டுவரக் கூடாது. வர்றவங்க பெயரைக் குரூப்ல போடுங்க. பெயர் போட அந்த இடம் போதும்.