ஒரே இடத்தில் ஒரே பழுது

மனிதனுக்கும் சிம்பன்ஸிக்கும் டி.என்.ஏ. ஏறத்தாழ 98.8 சதவீதம் ஒன்று என்று படித்திருப்பீர்கள். 2005இல் சிம்பன்ஸியின் டி.என்.ஏ. வரிசை வெளியானபோது, பொருத்திப் பார்க்க முடிந்த பகுதிகளை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் போட்ட கணக்கு அது. விடுபட்ட துண்டுகளையும் நடுவே செருகியவற்றையும் சேர்த்தால் 96க்கு இறங்கும். எந்த எண்ணைச் சொன்னாலும் சிலர் கேட்பார்கள்: ஒரே மாதிரி உடம்புக்கு ஒரே மாதிரி மரபணு இருப்பதில் என்ன அதிசயம்? நியாயமான கேள்விதான். அதற்குப் பதில், நன்றாக வேலை செய்யும் மரபணுக்களில் இல்லை; கெட்டுப்போனவற்றில் இருக்கிறது.

நாய், பூனை, ஆடு, மாடு எதுவும் நெல்லிக்காயைத் தேடி அலைவதில்லை. அவற்றுக்கு வேண்டிய வைட்டமின் சி-யைக் கல்லீரலே குளுக்கோஸிலிருந்து தயாரித்துவிடும். அதில் கடைசிப் படியை முடிக்கும் நொதிக்கான மரபணுவுக்கு ‘குலோ’ என்று பெயர். நம் எட்டாவது குரோமோசோமிலும் அது இருக்கிறது, செத்த நிலையில். காய்கனி காணாமல் மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகள் ஈறு வீங்கி, பல் உதிர்ந்து, ஸ்கர்வியில் மாண்டதற்கு வேர் இங்கேதான்.

வேலை செய்யும் குலோவில் 12 துண்டுகள் உண்டு. நம்மிடம் அவற்றில் 7 இல்லை. சிம்பன்ஸி, ஒராங்குட்டான், ரீசஸ் குரங்கு ஆகியவற்றிலும் அதே 7தான் காணோம். கினிப்பன்றியாலும் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. ஆனால் அதனிடம் போனவை வேறு: முதல் துண்டு, ஐந்தாவது, ஆறாவதில் ஒரு பகுதி. அதாவது அந்த மரபணு கெடுவதற்கு ஒரே வழிதான் என்றில்லை. கினிப்பன்றி தனியாகக் கெட்டது. நாமும் குரங்குகளும் சேர்ந்து கெட்டோம்.

பழைய ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்களுக்கு இந்தத் துப்பு புதிதல்ல. இரண்டு ஏட்டிலும் சரியான பாடமே இருந்தால் அவற்றின் உறவைப் பற்றிப் பெரிதாக எதுவும் தெரியாது. இரண்டிலும் அதே வரிகள் விட்டுப்போயிருந்தால், இரண்டுக்கும் தாய் ஏடு ஒன்று என்று முடிவு கட்டுவார்கள்.

நம் கரூர், திண்டுக்கல் காடுகளில் வாழும் தேவாங்கும், நம்மையும் குரங்குகளையும் போல, பிரைமேட் வகைதான். ஆனால் அது லெமூர்களின் கிளை. அந்தக் கிளையில் குலோ இன்றும் வேலை செய்கிறது. ஆகவே அக்கிளை பிரிந்த பிறகு, சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன், நம் பக்கத்து மூதாதை ஒன்றில் இது பழுதாகியிருக்க வேண்டும். பழம் தின்று வாழ்ந்ததால் அதற்கு நட்டம் தெரியாமல் போயிருக்கலாம்.

இன்னொரு தடயமும் உண்டு. சிம்பன்ஸி, கொரில்லா, ஒராங்குட்டான் மூன்றுக்கும் குரோமோசோம் 48; நமக்கு 46. பொது மூதாதை உண்மையென்றால் ஒரு ஜோடி எங்கே போயிற்று? இரண்டு குரோமோசோம்கள் ஒன்றாக ஒட்டியிருக்க வேண்டும்; அந்த ஒட்டிய இடமே 1991இல் கிடைத்தது. குரோமோசோமின் நுனியில் இருக்க வேண்டிய டெலோமியர் வரிசை, நம் இரண்டாவது குரோமோசோமின் உட்பகுதியில் ஒன்றோடொன்று முட்டியபடி இருந்தது. குரோமோசோமின் இடுப்பு போன்ற சென்ட்ரோமியர் ஒன்றுதான் தேவை; செயலிழந்த இன்னொன்றின் எச்சமும் அதிலேயே இருக்கிறது. ‘ஒரே மாதிரி உடம்பு’ என்ற விளக்கம் இங்கே எடுபடாது.