கால்வாயைத் தூர்வாரினால் போதுமா? என்.எஸ்.எஸ். முகாம் கற்றுத்தர வேண்டியது என்ன?

2024 நவம்பர் 30 இரவு, புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 50 செ.மீ. மழை. விழுப்புரம், திண்டிவனம் நகரங்களில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ‘இவ்வளவு தண்ணி ஏன் வடியல?’ என்று எல்லோரும் கேட்டார்கள். பிளஸ் 1 மாணவர்களே விடை தேடக்கூடிய கேள்விதான் இது. அதற்கு ஏற்ற திட்டம் பள்ளியிலேயே இருக்கிறது.

என்ன திட்டம்?

நாட்டு நலப்பணித் திட்டம், அதாவது என்.எஸ்.எஸ். காந்தி நூற்றாண்டான 1969-ல், செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. பிறகு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆண்டுக்கு 120 மணி நேரம் என 2 ஆண்டுகளில் 240 மணி நேரச் சேவை. கூடவே, ஒரு கிராமத்தில் 7 நாள் சிறப்பு முகாம்.

சிக்கல் எங்கே?

தெருவைக் கூட்டி, மரக்கன்று நட்டு, பேனருடன் போட்டோ எடுத்து, சான்றிதழ் வாங்கியதோடு பல முகாம்கள் முடிந்துவிடும். வேலை நடந்தது, சரி. பாடம்?

ஓர் ஏரியின் வரத்துக் கால்வாயை மாணவர்கள் சுத்தம் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மண்வெட்டியைக் கீழே வைத்ததும் கேள்விகள் தொடங்கணும். தண்ணீர் எங்கிருந்து வருது, எங்கே போகுது? திண்டிவனம், வானூர் பக்கத்து ஏரிகள் பலவற்றின் உபரிநீர் போய்ச் சேருமிடம், 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி. வழியில் அடைப்பு எங்கே? பராமரிப்பது ஊராட்சியா, நீர்வளத் துறையா? ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, நடந்தே அளந்து ஒரு வரைபடம் போட்டால் புவியியல், கணக்கு, குடிமையியல் மூன்றும் அதில் வந்துவிடும்.

அடுத்து என்ன?

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூடுகிறது. 18 வயது நிரம்பி, ஊராட்சி வாக்காளர் பட்டியலில் இருப்பவர்களே அதன் உறுப்பினர்கள். மாணவர்கள் போட்ட வரைபடத்தை அவர்களின் அம்மா, அப்பா சபையில் வைத்து, தீர்மானம் கேட்கலாம். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 30 நாளில் பதில் தரணும்.

பிளஸ் 1 மாணவருக்கு இன்னும் 2 வருஷத்தில் ஓட்டு வந்துவிடும். உங்க வீட்டுத் தம்பி, தங்கை முகாம் முடிந்து வந்தால், ‘கால்வாய் ஏன் அடைச்சுக்கிச்சு?’ என்று கேட்டுப் பாருங்க. பதில் வந்தால், முகாம் வேலை செய்திருக்கிறது.