பதினாறா? இரண்டா? சொல்ல வேண்டியவர் யார்?

மேற்கே இருந்து காற்றுக் கிளம்பி, குற்றால மலையில் சாரல் சிந்த ஆரம்பித்துவிட்டால் தென்காசி பஸ் நிலையத்தில் நிற்க இடம் இராது. ஆனி, ஆடி மாதங்களில் நீங்களும் போயிருப்பீர்கள். அருவியும் குளியலும் ஒருபுறம் இருக்கட்டும். அடுத்த முறை போகும்போது, அங்கே வந்து இறங்கும் குடும்பங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். அப்பா, அம்மா, கூட ஒரு பையன். அல்லது ஒரு பையனும் ஒரு பெண்ணும். மிஞ்சிப் போனால் மூன்று. உங்கள் வீட்டில் வயதான பாட்டி இருந்தால் கேளுங்கள். ஆறு குழந்தைகளுக்கு வரிசையாக எண்ணெய் தேய்த்து அருவிக்கு அனுப்பிவிட்டு, ஏழாவதை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற காலத்தைச் சொல்வார்.

ஏழு எப்படி இரண்டாயிற்று? 2019-21ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான். இந்தியா முழுவதற்கும் அது 2.0. இதைச் சாதனை என்று மெச்சினவர்கள் உண்டு. ‘ஐயோ, குறைந்துவிட்டதே!’ என்று இப்போது கவலைப்படுகிறவர்களும் உண்டு. தலைவர்கள், மதகுருமார்கள், புள்ளிவிவர நிபுணர்கள் எல்லாருக்கும் இதில் அபிப்பிராயம் இருக்கிறது. பத்து மாதம் சுமக்கிறவளுடைய அபிப்பிராயம் என்ன என்று கேட்டவர்கள் மட்டும் மிகச் சிலரே.

அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

மலைக்கு அப்பால் ஒரு மாநாடு

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் செங்கோட்டை, 1956 நவம்பர் முதல் தேதிதான் நம் ராஜ்யத்தோடு சேர்ந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்கு முன் அது திருவிதாங்கூர்ச் சீமை. அந்தச் சீமையின் தலைநகரான திருவனந்தபுரத்தில், 1935 டிசம்பர் கடைசியில் அகில இந்திய மாதர் மாநாடு கூடியது. அமெரிக்காவிலிருந்து மார்கரெட் ஸாங்கர் என்ற அம்மையார் வந்திருந்தார். கர்ப்பத்தடைப் பிரசாரத்துக்காகத் தம் நாட்டில் சிறைக்குப் போனவர் அவர்.

திருவனந்தபுரத்துக்கு வருமுன் அவர் வார்தாவுக்குப் போய் மகாத்மா காந்தியைச் சந்தித்தார். குழந்தைகள் குறைவாக இருப்பது நல்லது என்பதிலும், மனைவிக்கு விருப்பமில்லாதபோது கணவனை மறுக்க உரிமை உண்டு என்பதிலும் காந்திஜிக்குச் சம்மதமே. ஆனால் வழி புலனடக்கம் ஒன்றுதான். செயற்கைச் சாதனங்கள் கூடாது என்றார் அவர். கணவன் அடங்காவிட்டால் மனைவி என்ன செய்வாள் என்பது ஸாங்கர் அம்மையாரின் கேள்வி. இருவரும் ஒத்துப்போகாமலே பிரிந்தார்கள். திருவனந்தபுரத்திலும் விவாதம் சூடாகத்தான் நடந்தது. கத்தோலிக்கப் பெண்மணிகள் பலமாக எதிர்த்தார்கள். ஆனாலும் கர்ப்பத்தடையை ஆதரிக்கும் தீர்மானம் நிறைவேறியது.

இதே காலத்தில் தமிழ்நாட்டில் வேறொரு குரல் கேட்டது. ‘குடி அரசு’ பத்திரிகையில் பெரியார் ஈ.வெ.ரா. கர்ப்பத்தடையை ஆதரித்து எழுதினார். 1942இல் வெளிவந்த ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்ற நூலிலும் அதற்கு ஓர் அத்தியாயம் உண்டு. மற்றவர்கள் தாயின் உடல்நலத்துக்காகவும், நாட்டின் வறுமை தீரவும் கர்ப்பத்தடை வேண்டும் என்கிறார்கள். தாம் கேட்பது பெண்ணின் சுதந்திரத்துக்காக என்று அவர் பிரித்துக் காட்டினார். அவருடைய மற்றக் கொள்கைகள் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். ஆனால் கணக்கை நாட்டிலிருந்து தொடங்காமல் பெண்ணிலிருந்து தொடங்கினார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பாசிமணியும் முப்பது ரூபாயும்

சுதந்திரம் வந்தது. 1952இல், உலகத்திலேயே முதன்முதலாகக் குடும்பக் கட்டுப்பாட்டை அரசாங்கத் திட்டமாக ஏற்ற நாடு இந்தியா. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் அதற்கு ஒதுக்கிய தொகை 65 லட்ச ரூபாய். சுகாதார மந்திரி ராஜகுமாரி அம்ருத் கௌர், காந்திஜியின் அத்தியந்த சிஷ்யை. செயற்கை முறைகளில் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆகவே மாதத்தில் ‘பத்திரமான நாட்கள்’ எவை என்று கணக்கிடும் முறையை முதலில் சோதித்தார்கள். படிக்காத பெண்களும் கணக்கைத் தவற விடாதிருக்க, பல வர்ணப் பாசிமணி மாலைகளைக் கொடுத்தார்கள். தினம் ஒரு மணியாக நகர்த்தி வர வேண்டும். மணியை மனைவி நகர்த்தினாள். கணவன் நகர வேண்டுமே! சோதனை பலிக்கவில்லை.

அப்போது 1951ஆம் வருஷ ஜனத்தொகைக் கணக்கை நடத்தியவர் ஆர்.ஏ.கோபாலஸ்வாமி. மூன்று குழந்தைகளோ அதற்கு மேலோ பெற்று, ஒன்றாவது உயிரோடிருக்க, மறுபடியும் ஒரு பெண் பெற்றால் அதை ‘முன்யோசனையற்ற தாய்மை’ என்று அவர் தம் அறிக்கையில் குறிப்பிட்டார். கவனித்தீர்களா? முன்யோசனையற்ற தந்தைமை என்று ஒன்று அந்த அறிக்கையில் இல்லை! ஆனால் அவருக்கும் ஒரு நியாயம் செய்துவிட வேண்டும். பிறகு அவர் சென்னை ராஜ்யத்தின் தலைமைச் செயலாளராக வந்தபோது, இங்கே முக்கியமாகப் பரவியது ஆண்களுக்கான அறுவைச் சிகிச்சையே. 1950களின் கடைசியில், சிகிச்சை செய்துகொண்ட ஏழைகளுக்குச் சர்க்கார் முப்பது ரூபாய் கொடுத்தது. ஆள் பிடித்து வந்தவருக்கும் ஒரு தொகை உண்டு. குற்றால மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து எர்ணாகுளத்தில் 1971 ஜூலையில் நடந்த முகாமில், ஒரே மாதத்தில் 60,000க்கு மேற்பட்ட ஆண்கள் சிகிச்சை செய்துகொண்டார்கள்.

பிறகு வந்தது நெருக்கடி நிலை. 1976-77 ஒரே வருஷத்தில் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கு மேல் கருத்தடை அறுவைகள். அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். வட நாட்டில் பலவந்தம் தலைவிரித்தாடியது. 1977 தேர்தலில் ஜனங்கள் கொடுத்த தீர்ப்பில் அந்தக் கோபமும் கலந்திருந்தது. அதோடு ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்ற பெயரே ‘குடும்ப நலம்’ என்று மாறியது. ஆண்களைத் தொட எந்தக் கட்சிக்கும் துணிவு வரவில்லை. சுமை சத்தமில்லாமல் பெண்ணின் வயிற்றுக்கு மாறியது.

இன்று நிலைமை என்ன? ஆணுக்குச் செய்வது சிறிய சிகிச்சை. பெண்ணுக்குச் செய்வது வயிற்றைத் திறக்கும் சிகிச்சை. ஆனால் 2019-21 கணக்கின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 58 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. தென்காசி வட்டாரத்தில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். சுற்றினால்தான் கூலி. அறுவைக்குப் பின் படுத்திருக்கும் நாட்களின் கூலியும் அவர்கள் கணக்கில்தான் கழிகிறது.

சட்டம் வந்த கதை

கருவைத் தடுப்பது ஒன்று. தரித்த கருவைக் கலைப்பது வேறொன்று. இதில் கருத்து வேற்றுமை இன்னும் ஆழமானது. வெள்ளைக்காரன் காலத்துத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றிக் கருவைக் கலைப்பதைக் குற்றமாக்கியது. தானே கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் சிறைதான். ஆனாலும் கலைப்பு நிற்கவில்லை. எருக்கங்குச்சியும் நாட்டு மருந்தும் எத்தனை பெண்களைக் கொண்டு போயின என்பதைப் பழைய தலைமுறை அறியும்.

இந்த மரணங்களைப் பார்த்துத்தான் 1964இல் சாந்திலால் ஷா தலைமையில் மத்திய சர்க்கார் ஒரு குழு அமைத்தது. சட்டத்தைத் தளர்த்தலாம் என்று 1966இல் அது அறிக்கை தந்தது. 1967 முதல் சில வருஷங்கள் குடும்பக் கட்டுப்பாட்டுத் துறை மந்திரியாக இருந்த எஸ்.சந்திரசேகர் அதற்குப் பாடுபட்டார். 1971இல் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. அமெரிக்காவில் பல தலைமுறைகளாகக் கட்சிகளைப் பிளந்த விஷயம், இங்கே பெரிய அமளி இல்லாமல் சட்டமாயிற்று.

எதிர்த்தவர்கள் இல்லாமல் இல்லை. கரு உண்டான கணத்திலேயே அது ஓர் உயிர். அதை அழிக்க எவருக்கும் அதிகாரம் இல்லை என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் கொள்கை. மற்ற மதத்தவரிலும் அப்படி நினைக்கிறவர்கள் உண்டு. அந்த எண்ணத்தை ஏளனம் செய்வதற்கில்லை. பெண் சிசு என்று தெரிந்து கலைக்கும் கொடுமைக்காகவே, 1994இல் பாலினம் அறியும் சோதனையைத் தடுக்கத் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. உரிமை என்ற பெயரில் மாமியாரும் கணவனும் சேர்ந்து ஒரு பெண்ணின் கருவைக் கலைக்க வைத்தால், அது அவளுடைய உரிமை ஆகாது.

தடை செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2012இல் அயர்லாந்தில், சவிதா ஹலப்பனவர் என்ற இந்தியப் பல் டாக்டருக்குக் கரு சிதையத் தொடங்கியது. அந்நாட்டுச் சட்டத்துக்கு அஞ்சி டாக்டர்கள் தாமதித்தார்கள். இரத்தத்தில் நச்சுப் பரவி அவர் இறந்தார். 2018இல் அயர்லாந்து ஜனங்கள் வாக்களித்து அந்தத் தடையை நீக்கினார்கள். மாறாக, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973இல் கொடுத்த உரிமையை 2022இல் தானே திரும்ப வாங்கிக்கொண்டது. 2024இல் பிரான்ஸ் அதை அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்தது.

காற்றுத் திசை மாறுகிறது

நம் ஊருக்குத் திரும்புவோம். 1976இல் பார்லிமெண்டு இடங்களை 1971ஆம் வருஷ ஜனத்தொகைக் கணக்கோடு நிறுத்தி வைத்தார்கள். குடும்பத்தைச் சுருக்கிய ராஜ்யங்கள் இடங்களை இழக்கக் கூடாது என்பது நோக்கம். 2026க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கு வரை அது பிற்பாடு நீட்டிக்கப்பட்டது. அந்தக் கெடு நெருங்கியதும் தென்னாட்டில் கவலை பிறந்தது. 2024 அக்டோபரில், சென்னையில் நடந்த திருமண விழாவில், அன்றைய முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், பதினாறு செல்வம் என்ற பழைய வாழ்த்தைப் பதினாறு குழந்தைகள் என்றே கொள்ளலாமோ என்று வேடிக்கையாகக் கேட்டார். அதே மாதம் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு, முதியோர் தொகை பெருகுகிறது, அதிகம் பெறுங்கள் என்றார். 2025 மார்ச் 22ஆம் தேதி சென்னையில் பல ராஜ்யத் தலைவர்கள் கூடி, தொகுதி மறுவரையறையைத் தள்ளிப் போடக் கோரினார்கள். ஜனத்தொகைக்குத் தக்க பிரதிநிதித்துவம்தானே ஜனநாயகம் என்பது எதிர்த்தரப்பின் வாதம். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் நேற்று ‘போதும்’ என்றவர்கள் இன்று ‘பெறு’ என்னும்போது, இரண்டு உத்தரவும் ஒரே விலாசத்துக்குத்தான் வருகின்றன.

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். தமிழ்நாட்டில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியைக்கு முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள். அவர்கள் தந்தையிடம் வளர்ந்தார்கள். மறுமணத்துக்குப் பின் பிறந்த குழந்தைக்காகப் பிரசவ விடுப்புக் கேட்டார். இரண்டு குழந்தைகளுக்கு மேல் விடுப்பு இல்லை என்று விதியைக் காட்டி மறுத்துவிட்டார்கள். வழக்கு டில்லி வரை போயிற்று. பிரசவ விடுப்பு, பெண்ணின் மகப்பேற்று உரிமையின் அங்கம் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 23ஆம் தேதி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மேடையில் ஒரு கணக்கு, ஆபீஸ் பைலில் ஒரு கணக்கு!

சகோதரிகளே, இவற்றை எல்லாம் தெரிந்துகொண்டு என்ன செய்ய என்று கேட்பீர்கள். சட்டம் இப்போது எப்படி இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 2021 திருத்தத்தின்படி, சட்டம் கூறும் காரணங்கள் இருந்தால், 20 வாரம் வரை ஒரு டாக்டரின் அபிப்பிராயம் போதும். குறிப்பிட்ட சில நிலைமைகளில் உள்ள பெண்களுக்கு 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் வேண்டும். 18 வயது நிறைந்த பெண்ணானால் அவளுடைய சம்மதமே போதும். கணவனின் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. மணமாகாத பெண்ணுக்கும் அதே உரிமை என்று 2022 செப்டம்பர் 29ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெயரை ரகசியமாக வைப்பது டாக்டரின் கடமை. மருந்துக் கடையில் தானாக மாத்திரை வாங்கி விழுங்குவதுதான் ஆபத்து.

அடுத்தபடி, வீட்டில் இதைப் பேசுங்கள். போதும் என்று தீர்மானித்தால் சிகிச்சை யாருக்கு என்ற கேள்வியைக் கணவரிடம் கேட்கக் கூச்சம் வேண்டாம். மகளுக்கும் மருமகளுக்கும் முடிவைச் சொல்லாதீர்கள், விவரத்தைச் சொல்லுங்கள். ஒரு குழந்தை வேண்டும் என்கிறவளும், மூன்று வேண்டும் என்கிறவளும், எதுவும் வேண்டாம் என்கிறவளும் தங்கள் காரணத்தை அறிந்துதான் சொல்கிறார்கள். நாட்டுக்கு ஜனங்கள் கூடுதலோ குறைவோ, அதற்கு வழி தேடட்டும் தலைவர்கள். தொட்டிலைக் கட்டுவதா, எப்போது கட்டுவது, எத்தனை முறை கட்டுவது என்பதை, அதை ஆட்டப் போகிறவளே சொல்லட்டும்.