வாட்சனின் பெட்டியில் இராமானுஜன்

ஆவணக் காப்பகங்களில் தேடாமலே கிடைத்த செல்வங்களுள், சீனிவாச இராமானுஜன் தம் வாழ்நாளின் கடைசி ஆண்டில் எழுதிய கணக்குத் தாள்களுக்குத் தனி இடம் உண்டு. 1976இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ரென் நூலகத்தில், மறைந்த கணிதப் பேராசிரியர் ஜி. என். வாட்சனின் காகிதங்கள் அடங்கிய பெட்டியைப் பார்வையிட்ட அமெரிக்கக் கணிதவியலாளர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ், நிறுவல்கள் இன்றி ஏறத்தாழ 600 சூத்திரங்கள் நெருக்கமாக எழுதப்பட்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்களை அதில் கண்டார்.

இது வெறும் அதிர்ஷ்டம் அன்று. அப்பக்கங்களில் ‘மாக் தீட்டா’ சார்புகள் இடம்பெற்றிருந்தன. தீட்டா சார்புகள் எனப்படும் முடிவிலித் தொடர்களைப் பல வகையில் ஒத்திருந்தும், அவற்றின் சமச்சீர் விதிகளுக்கு முழுமையாக உட்படாத தொடர்கள் இவை. இராமானுஜன் தாயகம் திரும்பிய பின்னர், 1920 ஜனவரியில் ஆங்கிலக் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில்தான் இவற்றை முதன்முதலாக அறிவித்தார் என்பதையும், அதே ஆண்டு ஏப்ரலில் அவர் மறைந்தார் என்பதையும், இச்சார்புகளைப் பற்றியே முனைவர் பட்ட ஆய்வு செய்திருந்த ஆண்ட்ரூஸ் நன்கறிந்திருந்ததால், அந்தக் கையெழுத்தின் காலமும் அருமையும் அவருக்கு உடனே புலப்பட்டன. வேறொருவர் பார்த்திருந்தால் பெட்டி மீண்டும் மூடப்பட்டிருக்கக்கூடும்.

1965இல் வாட்சன் இறந்தபின் அவர் அறையில் குவிந்து கிடந்த காகிதங்கள் எரிக்கப்படவிருந்தன என்பதையும், அவற்றிலிருந்து மீட்கப்பட்டே இத்தாள்கள் 1968இல் கல்லூரியைச் சேர்ந்தன என்பதையும் எண்ணும்போது நெஞ்சம் பதறுகிறது. 1987இல் இராமானுஜனின் பிறந்தநாள் நூற்றாண்டு விழாவையொட்டி இவற்றின் நகற்பதிப்பு வெளிவந்தது. சூத்திரங்களை நிறுவி விளக்கும் பணியை ஆண்ட்ரூஸும் கணிதவியலாளர் புரூஸ் பெர்ன்ட்டும் ஐந்து தொகுதிகளாக 2018இல் நிறைவுசெய்தனர்.