பெருகிய வாத்தும் கருகிய சதுப்பும்

கனடாவின் ஹட்சன் விரிகுடாக் கரையில், சர்ச்சில் என்ற சிற்றூருக்குக் கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது லா பெரூஸ் விரிகுடா. அதன் சேற்றுவெளியில் ஆய்வாளர்கள் அங்கங்கே சிறிய கம்பிவலை வேலிகளை அமைத்திருந்தார்கள். வேலிக்குள்ளே அடர்ந்த பசும்புல். வெளியே, புல் பூண்டு அற்ற சாம்பல் நிறச் சேறு. வெடிப்பு விட்ட அதன் மேல்பரப்பில் வெள்ளையாக உப்புப் பொருக்கு. உள்ளும் புறமும் ஒரே மண், ஒரே வெயில், ஒரே பனிதான். ஆனால் வேலிக்குள் பனி வாத்துகளால் நுழைய முடியாது.

பறவைகள் குறைவதைப் பற்றியே நாம் அதிகம் படிக்கிறோம். பாதுகாக்கப்பட்ட ஒரு பறவை அளவுக்கு மீறிப் பெருகி, தான் பிறந்த நிலத்தையே அழித்த கதை இது. நீர்ப்பறவைப் பாதுகாப்பு பற்றிய சிந்தனையை இது பெரிதும் மாற்றியது.

வளையம் சொன்ன சேதி

கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்துக்குப் பனி வாத்து நெருங்கிய உறவு. உடல் தூய வெள்ளை, இறக்கை நுனி கறுப்பு. அலகின் விளிம்பில் ரம்பம் போன்ற பற்கள் உண்டு; வேரோடு பிடுங்கித் தின்ன ஏற்ற ஆயுதம். அமெரிக்காவின் டெக்சாஸ், லூசியானா பகுதிகளில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, பனி உருக உருக வடக்கே நகர்ந்து, மே மாதத்தில் ஹட்சன் விரிகுடாவுக்கும் அதற்கு அப்பாலுள்ள ஆர்க்டிக் தீவுகளுக்கும் போய்ச் சேர்கிறது. ஏறக்குறைய நான்கு முட்டைகள், சுமார் 23 நாள் அடைகாத்தல். அந்த நாட்களில் பெண் வாத்து பெரும்பாலும் பட்டினிதான். வழியில் தின்று உடலில் சேர்த்த கொழுப்பே அதைக் காப்பாற்றுகிறது.

1968இல் குயின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரெட் குக் லா பெரூஸ் விரிகுடாவில் ஆய்வைத் தொடங்கினார். அவரை இழுத்தது நிறம். இந்த இனத்தில் வெள்ளை வாத்துகளோடு நீலச்சாம்பல் நிற வாத்துகளும் உண்டு. ஒரு காலத்தில் இவற்றை இரு வேறு இனங்களாகவே கருதினார்கள். ஒரே இனம்தான், நிறத்தைத் தீர்மானிப்பது முக்கியமாக ஒரு மரபணு என்பதையும், குஞ்சுகள் வளர்ந்த பின் பெரும்பாலும் தம் பெற்றோரின் நிறத்திலேயே துணை தேடுகின்றன என்பதையும் அவரது குழு காட்டியது.

இதற்கு ஆயிரக்கணக்கான பறவைகளைத் தனித்தனியாக அடையாளம் காண வேண்டியிருந்தது. பறவையின் இயல்பே அதற்கு வழி செய்தது. ஜூலை இறுதியில் பெற்றோர் பறவைகள் இறக்கைச் சிறகுகளை உதிர்க்கும். குஞ்சுகளுக்கோ இன்னும் சிறகு முளைத்திருக்காது. குடும்பம் குடும்பமாகத் தரையில் நடக்கும் அந்தச் சில வாரங்களில், ஆய்வாளர்கள் வரிசையாக நின்று கூட்டத்தை மெல்ல வலைக்கூண்டை நோக்கி ஓட்டிச் செல்வார்கள். ஒவ்வொன்றையும் தூக்கி, ஆணா பெண்ணா என்று பார்த்து, எடை போட்டு, எண் பொறித்த உலோக வளையத்தைக் காலில் மாட்டி, இடுக்கியால் அழுத்தி மூடி விட்டுவிடுவார்கள். பிறகு தெற்கே எங்கோ ஒரு வேட்டைக்காரரின் கையில் அந்த வாத்து சிக்கினால், வளையத்தின் எண் திரும்பி வரும். இப்படித்தான் பறவையின் ஆயுளும் பாதையும் துலங்கின. பெண் வாத்துகள் தாம் பிறந்த இடத்துக்கே முட்டையிடத் திரும்புகின்றன. ஆண்களோ குளிர்கால மேய்ச்சலில் ஜோடி சேர்ந்து, மனைவியின் பிறந்த ஊருக்குப் போய்விடுகின்றன.

மேய மேய வளர்ந்த புல்

டொராண்டோ பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர் ராபர்ட் ஜெஃப்ரிஸ் 1970களின் பிற்பகுதியில் இங்கே வந்தபோது கேட்ட கேள்வி எளிமையானது: இவ்வளவு வாத்துகள் மேய்ந்தும் புல் எப்படிப் பிழைக்கிறது? விடை வியப்பூட்டியது. மேய்ந்த இடத்தில் புல் குறையவில்லை. வேலியிட்டுக் காத்த இடத்தைவிட அதிகமாக வளர்ந்தது, அதில் சத்தும் கூடுதலாக இருந்தது.

குளிர்ந்த மண்ணில் தாவரங்களுக்குக் கிடைக்கும் நைட்ரஜன் மிகக் குறைவு. மேயும் வாத்து சில நிமிடங்களுக்கு ஒருமுறை எச்சமிடுகிறது. அதிலுள்ள நைட்ரஜன் உடனே வேருக்குப் போகிறது. புல் குட்டையாக இருப்பதால் தரையில் வெளிச்சம் விழுந்து நீலப்பச்சைப் பாசிகள் படர்கின்றன. அவை காற்றிலுள்ள நைட்ரஜனையும் பிடித்துத் தருகின்றன. வாத்து புல்லை வளர்த்தது, புல் வாத்துக் குஞ்சை வளர்த்தது. சமநிலையில் இருந்த ஓர் இயற்கை அமைப்பு இது.

வயல் தந்த விருந்து

அந்தச் சமநிலையைக் குலைத்த காரணம் சதுப்பில் இல்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, விளைநிலங்களில் இருந்தது. முன்பு பனி வாத்துகள் மெக்சிகோ வளைகுடாவின் கடலோரச் சதுப்புகளில் கிழங்கையும் வேரையும் தோண்டித் தின்று குளிர்காலத்தைக் கடத்தின. பசி மிகுந்த அந்த மாதங்களில் பல இறந்துபோகும். எண்ணிக்கை கட்டுக்குள் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு செயற்கை உரத்தின் உதவியால் நெல்லும் மக்காச்சோளமும் கோதுமையும் பெருகின. அறுவடை முடிந்த வயலில் சிந்திய தானியம் வாத்துகளுக்கு முடிவில்லாத விருந்தானது. வழி நெடுக அமைந்த சரணாலயங்கள் பாதுகாப்பான தங்குமிடம் தந்தன. தின்று கொழுத்து வந்த பெண் வாத்துகளிடம் முட்டையிடவும் அடைகாக்கவும் தேவையான சேமிப்பு தாராளமாக இருந்தது.

1960களின் இறுதியில் பத்து லட்சத்துக்கும் குறைவாக இருந்த குளிர்காலக் கணக்கெடுப்பு எண்ணிக்கை, 1990களின் நடுவில் முப்பது லட்சத்தை நெருங்கியது. லா பெரூஸ் விரிகுடாவில் மட்டும் சுமார் 2,000 இணைகள் இருந்த இடத்தில் 40,000க்கு மேல் கூடு கட்டின.

உவர் ஏறிய மண்

கோடை மேய்ச்சலைப் புல் தாங்கும். வசந்தத்தில் நடப்பதைத் தாங்காது. தரைக்கு மேலே இன்னும் துளிர் விடாத நாட்களில், வந்திறங்கிய வாத்துகள் ஈர மண்ணில் அலகைச் செருகி வேரையும் தண்டையும் பிடுங்குகின்றன. ஒரு கூட்டம் போன இடம் உழுது போட்டது போலாகிவிடுகிறது.

புல் போர்வை போனதும் வெயில் நேராக மண்ணில் விழுகிறது. ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்த களிமண் அது. பனியுகப் பனிப்பாளத்தின் சுமை நீங்கியதால் இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயர்ந்துகொண்டிருக்கும் கரை. நீர் ஆவியாக ஆவியாக, அடியிலுள்ள உப்பு மேலே வருகிறது. கோடையில் மண்ணின் உப்பு கடல்நீரையும் மிஞ்சிவிடுகிறது. மிச்சமிருந்த புல்லும் கருகுகிறது, இன்னும் மண் திறக்கிறது, இன்னும் உப்பு ஏறுகிறது. அருகிலிருந்த குட்டை வில்லோ புதர்களும் பட்டுப்போயின. இன்னொரு சிக்கல்: இந்தக் கரையில் வாத்துகளின் முக்கிய உணவான புல் இங்கே விதை வைப்பதில்லை, முறிந்த துண்டுகள் வேர் பிடித்தால்தான் பரவும். உவர் மண்ணில் துண்டு வேர் பிடிக்காது. அதனால்தான் வாத்துகள் போன பிறகும் வெற்றுச்சேறு பல ஆண்டுகள் அப்படியே கிடக்கிறது.

லா பெரூஸ் விரிகுடாவில் மட்டும் 1973க்கும் 1993க்கும் இடையே ஏறத்தாழ 2,500 ஹெக்டேர் தாவரப் பரப்பு அழிந்திருந்ததை லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. நட்டம் வாத்தோடு நிற்கவில்லை. அங்கே கூடு கட்டிவந்த சிறு உள்ளான்களும் புல்வெளிக் குருவிகளும் வெகுவாகக் குறைந்தன. வாத்துக் குஞ்சுகளும் தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்தன. பலவும் பறக்கும் பருவத்தை எட்டவில்லை. பெற்றோர் பறவைகள் குஞ்சுகளை நடத்திக்கொண்டு பல கிலோமீட்டர் தள்ளிப் புது மேய்ச்சல் தேடின. அங்கும் அழிவு தொடர்ந்தது.

துப்பாக்கியால் தீராத சிக்கல்

1916இல் கையெழுத்தான வலசைப் பறவை ஒப்பந்தம் வசந்தகால வேட்டையைத் தடுத்து எத்தனையோ இனங்களைக் காத்தது. ஆனால் 1997இல் அமெரிக்க, கனடிய அறிஞர்களின் குழு பனி வாத்துகளைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பறவையை நேசித்தவர்களே அதைக் கொல்லச் சொன்ன அந்த முடிவு கடும் விவாதத்தைக் கிளப்பியது. 1999 முதல் வசந்தத்திலும் வேட்டைக்கு அனுமதி. மின்னணு ஒலிப்பான் வைத்து அழைக்கவும் அனுமதி. ஹட்சன் விரிகுடாக் கரையின் க்ரீ மக்களுக்கோ வசந்தகால வாத்து வேட்டை தலைமுறை தலைமுறையாக உணவும் பண்பாடும்.

வேட்டை கூடியது, வாத்து குறையவில்லை. காரணத்தைப் பழைய வளையங்களே சொல்லின. வளையக் கணக்கை வைத்து மதிப்பிட்டபோது, உண்மை எண்ணிக்கை நினைத்ததைவிடப் பல மடங்கு, வேட்டை அதற்கு ஈடாகவில்லை என்று தெரிந்தது. கடந்த பத்தாண்டுகளில் எண்ணிக்கை இறங்கியதற்கும் குஞ்சுகள் குறைவாகப் பிழைப்பதே முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. இடையில் காலநிலை மாற்றமும் சேர்ந்துகொண்டது. கடல்பனி முன்கூட்டியே உடைவதால் சீக்கிரம் கரையேறும் பனிக்கரடிகள், அடைகாக்கும் வாத்துகளின் முட்டைகளைத் தின்கின்றன.

நமக்கும் உள்ள பாடம்

எண்ணிக்கை ஏறினால் பாதுகாப்பு வென்றது, இறங்கினால் தோற்றது என்ற கணக்கு போதாது. வலசைப் பறவைக்கு முட்டையிடும் இடமும் வழியும் குளிர்கால வயலும் சேர்ந்ததுதான் வாழிடம். ஒரு நாட்டின் உரக்கொள்கை இன்னொரு நாட்டின் சதுப்பை அழிக்கும் என்றால், ஒரு சரணாலயத்தை மட்டும் காத்து என்ன பயன்? சதுப்பு கருகிய பிறகு மீட்கப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே அறிகுறி தெரியும்போதே செயல்பட வேண்டும். அறிகுறியைக் காண, நிறம் பற்றிய கேள்வியோடு தொடங்கிய லா பெரூஸ் ஆய்வைப் போல, ஆண்டுதோறும் விடாமல் கவனிக்கும் ஆட்கள் வேண்டும்.

மங்கோலியாவில் கழுத்துப்பட்டை அணிவிக்கப்பட்ட வரித்தலை வாத்துகள் தென்னிந்திய நீர்நிலைகளில் தென்பட்டிருக்கின்றன. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல்லாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. இத்தகைய பணிகள் உடனடிப் பலன் தராதவை என்று நிதி ஒதுக்குவோர் எளிதில் தள்ளிவைக்கலாம். லா பெரூஸில் வேலி போட்டுப் பார்த்தவர்கள் இல்லையென்றால், புல் ஏன் மறைந்தது என்பதை யாராலும் நிரூபித்திருக்க முடியாது. வலசைப் பறவைகளுக்கு நாம் ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு இந்தப் பொறுமையான கவனிப்புக்கே போக வேண்டும்.